ஊசிக்கு உத்தரவு

“என் மூஞ்சி தெரியுதாம்மா?”

“காது தெரியுது. தோடு தெரியுது. நடுவுல ஒண்ணுமே இல்லடி.”

சாப்பாட்டுத் தட்டோடு நின்ற தமிழ்ச்செல்வி இன்னும் கிட்டே போய்க் குனிந்தாள். அவள் அம்மா பாண்டியம்மாளுக்கு இரண்டு மாதமாக இதே பாடுதான். யார் எதிரில் வந்தாலும் தலைமுடி இருக்கும், கழுத்து இருக்கும், முகம் மட்டும் இருக்காது. நேராக நிற்கிற கதவு நிலை நெளியும்.

கண் டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

“புரை முத்திருச்சு. அதோட சுகரால கண்ணுக்குப் பின்னாடி விழித்திரையில வீக்கமும் இருக்கு. புரையை மட்டும் எடுத்தா வீக்கம் கூடிரும். ஆபரேஷன் பண்ற அன்னைக்கே கண்ணுக்குள்ள ஊசியும் போட்டுருவோம். இதுக்கு மேல தள்ளிப்போட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மா.”

செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். கப்பலூர் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி தமிழ்ச்செல்வி லீவும் வாங்கிவிட்டாள்.

அம்மா மாட்டேன் என்றுவிட்டாள்.

“இது நோவு இல்லடி. முத்துத்தாயி வேல.”

முத்துத்தாய், அம்மாவின் தங்கை. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரத்தை வெட்டிய சண்டையில் ஏழு வருடம் பேச்சில்லை. போன தை மாதம் அவள் செத்துப்போனபோது, கடைசியாக முகம் பார்க்க வரச்சொல்லி இரண்டு தடவை ஆள் வந்தது. அம்மா போகவில்லை. எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் கொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு வீம்பு.

“அவ மொகத்த நான் பாக்கல. அதான் இப்ப எவ மொகத்தயும் எனக்குக் காட்ட மாட்டேங்கிறா. கண்ணுல ஊசிய விட்டா அவ போயிருவாளா? கோடாங்கி உத்தரவு குடுக்கட்டும், வாரேன்.”

கண்ணுக்கு வைத்தியம் பார்க்க, உடுக்கையடித்துக் குறி சொல்கிறவரிடம் போவதா? தமிழ்ச்செல்வி தலையில் அடித்துக்கொண்டுதான் வண்டியை எடுத்தாள்.

கோடாங்கி வீரணன் வீடு செக்கானூரணி தாண்டி ஒதுக்குப்புறமாக இருந்தது. வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே ஒரே இருட்டு. ஜன்னல் சாத்தியிருந்தது, விளக்குகூட ஏற்றவில்லை. அந்த இருட்டுக்குள் மனிதர் எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாரோ!

“எத்தன பேரு வந்திருக்கீக?”

“ரெண்டு பேரு சாமி” என்றாள் அம்மா.

உடுக்கை இரண்டு தட்டுத் தட்டி நின்றது.

“அப்ப மூணாவதா நிக்கிறது யாரு?”

அவர் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் வெளிச்சம் பட்ட கண் இமைக்கவே இல்லை.

தமிழ்ச்செல்வி திரும்பிப் பார்த்தாள். வாசலில் வெயில்தான் நின்றது. இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“எந் தங்கச்சி முத்துத்தாயிதான் சாமி! அவ கடைசி மொகத்த நான் பாக்கல. இப்ப எனக்கு யாரு மொகமும் தெரியல.”

“ஓரமாப் பாத்தாத் தெரியும். நேராப் பாத்தா மறையும். நட்டு வச்ச கம்பு பாம்பா நெளியும். அப்படித்தான?”

“ஆமா சாமி! அப்படியேதான்!” அம்மா நடுங்கினாள்.

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“பொரைய எடுக்கணும், கூடவே கண்ணுக்குள்ள ஊசியும் போடணும்னாரு.”

இந்த ஆள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவின் கண் அதோடு போச்சு.

உடுக்கை படபடவென்று அதிர்ந்தது. சட்டென்று நின்றது. அவர் வாயிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“அக்கா... எனக்குக் கோவமில்லக்கா. எம் மொகத்த நீ பாக்கணும். பொரைய எடு. அன்னைக்கே ஊசியும் போடு. ஊசி வேணாம்னு எந்திரிச்சு வந்தியோ, உன்னைய விடமாட்டேன்!”

“போட்டுக்கிறேன் தாயி, போட்டுக்கிறேன்!” அம்மா குப்புற விழுந்து அழுதாள்.

வெளியே வந்தபோது தமிழ்ச்செல்விக்குப் பயம் தெளிந்து சந்தேகம் வந்துவிட்டது. அம்மா சொல்லாத நெளிவுகூட இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? ஊசி போடச் சொல்லி எந்தச் சாமி விரட்டும்? ஆஸ்பத்திரியில் இந்த ஆளுக்குக் கமிஷன்தான்!

செவ்வாய்க்கிழமை இரண்டும் நடந்தது. பிறகும் மாதம் ஒன்றாக இரண்டு ஊசி போட்டார்கள். அம்மா ஒரு தடவைகூட முனகவில்லை.

அதற்கப்புறம் ஒரு நாள் அம்மா தங்கை வீட்டுக்குப் போய், மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்றாள்.

“மூக்குத்தி கூடத் தெரியுதுடி. சிரிக்கிறா...”

அம்மா அழுத அழுகையில் அந்த வீடே அழுதது.

மறுநாள் கோடாங்கிக்குக் கொடுக்கச் சொல்லித் தேங்காய் பழத் தட்டைக் கொடுத்தனுப்பினாள் அம்மா. கமிஷன் விஷயத்தை நேராகவே கேட்டுவிடுவது என்றுதான் தமிழ்ச்செல்வியும் போனாள்.

அதே இருட்டு.

“பாண்டியம்மா மக வந்திருக்கேன். அம்மாவுக்கு நல்லாத் தெரியுது. இதை வாங்கிக்கங்க.”

வீரணன் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார். கை தட்டுக்கு ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

தமிழ்ச்செல்வி தட்டை அவர் கையில் வைத்தாள். “உங்களுக்குக் கண்ணு...?”

“பொட்டு வெளிச்சம் கெடையாது தாயி. எனக்கும் அதே பொரை, அதே வீக்கம். பொரைய மட்டும் எடுத்துக்கிட்டேன். கண்ணுக்குள்ள ஊசின்னதும் குலை நடுங்கிருச்சு. பயம்னு வெளிய சொல்லவும் வெக்கம். அதான், இதே எடத்துல ஒக்காந்து எனக்கு நானே உடுக்கையடிச்சுக் குறி சொல்லிக்கிட்டேன். ஊசிக்குச் சாமி உத்தரவு தரலன்னு.”