ரோசரிக்குப் பாட்டு சொன்னவன்

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருவது போல, கைக்குட்டையில் பிடித்துக் கொண்டுவந்த கேசட்டைக் கண்ணாடி மேஜை மேல் போட்டார் கிளமென்ட். அதன் மேல் நீல மையில், குண்டு குண்டாக, 'தவக்காலப் பாடல்கள்' என்று எழுதியிருந்தது.

"போட்டுக் கேளுங்க பாய், எந்த ஊர்த் தவக்காலம்னு!"

தில்லை நகரில் ரெகார்டிங் சென்டர் நடத்தும் ஹபீபுல்லாவுக்குப் போட்டுக் கேட்கத் தேவையே இல்லை. அவர் கடையில் பதிந்த கேசட்தான் அது. "எல்லாம் புது டான்ஸ் பாட்டு சார். லண்டன்ல வந்தே ரெண்டு மாசம்தான் ஆகுது" என்றார் பெருமையாக.

"தூ!" என்றார் கிளமென்ட். நிஜமாகவே துப்பியிருப்பார், தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். "என் பொண்ணு ரோசரியோட பீரோவுல, ஜெபப் புத்தகத்துக்கு அடியில இருந்துச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை கைலாசபுரத்துலேர்ந்து அவளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. வீடு இருக்கிற லட்சணத்தைப் பாத்தீங்களா?"

பாட்டுகூட அப்புறம். அவரை அரித்தது வேறு. இங்கிலீஷ் பாட்டில் எது புதுசு, எது தேவலாம் என்று வீட்டோடு இருக்கிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்? எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"யாருடி அவன்?" என்று காலையில் மிரட்டியதற்கு, "சொன்னா நம்ப மாட்டீங்கப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். காதல் கீதல் இல்லாமல் எந்தப் பெண்ணாவது அப்படிச் சிரிப்பாளா? கல்யாணம் நின்று போனால் ஊரில் தலை காட்ட முடியுமா?

"கோவப்படாதீங்க சார். இதுல ஒரு சோல் பாட்டு இருக்கு, கேட்டா மனசு உருகிடும்."

"சோல்! ஆன்மான்னு பேரை வெச்சுக்கிட்டு உடம்பையில்ல ஆட்டுறான்?" கிளமென்ட்டின் மூக்கு விடைத்தது. "மூணாவதா ஒருத்தன் வர்றானே, அவன் பாடவே மாட்டான். காந்தி மார்க்கெட்ல வெங்காயம் ஏலம் விடுற மாதிரி பேசிக்கிட்டே போறான். அதுக்குப் பேரு பாட்டு! அஞ்சாவது இன்னும் கேவலம். ரெண்டாவது சரணத்துல அவ முனகுறா பாருங்க, குமட்டிக்கிட்டு வருது."

"அடேயப்பா! அத்துப்படியா சொல்றீங்களே சார்!"

"தெரிஞ்சாத்தானே பாய் தடுக்க முடியும்?"

வெள்ளிக்கிழமைதோறும் சிற்றலை ரேடியோவில் காதை ஒட்டிவைத்து, ஒவ்வொரு அசிங்கத்தையும் பேர் ஊரோடு குறித்துக்கொண்டு, பங்குக் கோயில் பெற்றோர்களுக்கு எச்சரிக்கை எழுதித் தரும் திருப்பணி அவருடையது. கேட்ட பாட்டெல்லாம் புளித்த ஏப்பம் போல ஞாயிறு பூசை வரைக்கும் நெஞ்சுக்குள் வந்து வந்து போகும். பாவம், அந்த அவஸ்தை அவருக்குத்தான் தெரியும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இந்தக் கருமத்தையெல்லாம் என் பொண்ணுக்குப் பொறுக்கிக் குடுத்த பொறுக்கி யாரு?"

"உங்க பொண்ணுக்கு மட்டுமா சார்? காலேஜ் பசங்க பூரா அவர் சொன்னதைத்தான் பதியச் சொல்றாங்க. பர்மா பஜார்லேர்ந்து எந்த ரெக்கார்டை வரவழைக்கிறதுன்னு நானே அவர் எழுதுறதைப் பாத்துத்தான் முடிவு பண்றேன்."

"எழுத வேற செய்யிறானா?"

"மாசா மாசம். என்ன ஞானம்ங்கிறீங்க! 'இதைக் கேட்டால் கால் சும்மா இராது'ன்னு எழுதினார்னா, இருக்காது. இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பினதில்ல சார்."

கிளமென்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. ஒரு ஊர்ப் பிள்ளைகளையே குட்டிச்சுவராக்க ஒருத்தன் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான்! சீச்சீ, அவனும் ஒரு தாய் வயிற்றில்தானே பிறந்திருப்பான்?

"நாசமாப் போறவன். பேரைச் சொல்லுங்க பாய். பங்குச் சாமியார் முன்னாடி இழுத்துட்டுப் போய் முட்டிபோட வெக்கிறேன்."

"பேரு போடுறதில்ல சார். தன்னடக்கம்." ஹபீபுல்லா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரு தடவை நேர்ல பாத்துட்டா, அந்தக் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்குவேன்."

"அவன் கையை நான் ஒடிக்கிறேன். எழுதினதையாவது காட்டுங்க, கையெழுத்தை வெச்சே புடிச்சிடுறேன்."

ஹபீபுல்லா டிராயரைத் திறந்து, ரோனியோ மெஷினில் நகலெடுத்த ஒரு தாளை எடுத்தார். பல கை பட்டு, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. பாட்டுக்குப் பாட்டு பக்கத்தில் பென்சிலால் டிக் அடித்திருந்தார்கள்.

கிளமென்ட் அதை வெடுக்கென்று பிடுங்கினார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து படித்தார். திரும்பவும் மேலே போய்ப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

அவருக்கு என்ன குழப்பம் என்று ஹபீபுல்லாவுக்குப் புரிந்துவிட்டது. புதிதாகப் பார்க்கிற எல்லோருக்கும் வருகிற குழப்பம்தான்.

"மேல 'கேட்கக் கூடாதவை'ன்னு போட்டிருக்கும் சார். அதைக் கண்டுக்காதீங்க."