நீல இழையில் மறுபடியும்

மலையடியில் தேவசகாயமும் மலையுச்சியில் அவன் மனைவி அமலோற்பவமும் ஒரே கேபிளைச் சோதிக்க அதன் இரு முனைகளில் அமர்ந்திருந்தார்கள். அவளுடைய அம்மா வைத்த மீன்குழம்பை அவன் காலையில் பழித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பழைய செம்புக் கம்பியாக இருந்தால் தொலைபேசியை மாட்டிப் பேசித்தான் சோதித்திருப்பார்கள். இதுவோ கறுப்பு உறைக்குள் மஞ்சள் நாரில் பொதிந்த கண்ணாடி இழைகள், வாய் வேண்டியதில்லை. அவன் ஓர் இழையில் செவ்வொளியைச் செலுத்துவான். அது வந்து சேர்ந்ததும் அவள் தன் கைவிளக்கால் அதே இழையில் ஒளியைத் திருப்பி அனுப்புவாள். அவன் அடுத்த இழைக்குப் போவான். நீலம், ஆரஞ்சு, பச்சை என்று எல்லா இழைகளும் தேறின. அவள் விளக்கைப் பைக்குள் போட்டாள். அப்போது நீல இழையின் நுனி மறுபடியும் சிவந்தது, அணைந்தது, சிவந்தது.

"என்னம்மா, லைன் பழுதா?" என்றார் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர்.

"லைன் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கீழ உள்ள மனுசனுக்குத்தான் குழம்பு ஞாபகம் வந்திருக்கும்."

"அப்போ பதில் போடேன்."

"கொஞ்சம் கெஞ்சட்டும்" என்றவள், இழையின் நுனியை உள்ளங்கைக்கு நேரே பிடித்தாள். அங்கே மருதாணிப் பொட்டுப் போல ஒரு சிவப்பு தோன்றித் தோன்றி மறைந்தது. அவளுடைய மற்றொரு கை, பைக்குள் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தது.