ஆத்தா கேட்ட ஊசி

"டாக்டரம்மா, நீங்க உள்ள வரலாம். அந்த ஊசிப் பெட்டி வரப்படாது!"

தாராவியில் தன் வீட்டு வாசலில், வேப்பிலைக் கொத்துக்குக் கீழே, இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டு நின்றார் பூலோகம். உள்ளே புடவைத் திரைக்குப் பின்னால் மகள் கீதா அம்மை போட்டுப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறிக்கொண்டிருந்தாள் மனைவி முப்பிடாதியம்மாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவள்.

"கீதாதான் எனக்குப் போன் பண்ணினா, ஊசி போடுங்கோன்னு" என்றாள் ரஞ்சனா. பக்கத்துப் பேட்டையான மாட்டுங்காக்காரி. மருத்துவமனையில் இந்தப் புது ஊசியை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள். "அவளுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா, எங்க ஆஸ்பத்திரிக்குத்தானே வந்துண்டிருக்கா. அம்மை நுரையீரலுக்கு இறங்கிடுத்துன்னா ஆபத்து. இன்னிக்கே போட்டாதான் பிரயோஜனம்."

"கிறுக்குப் புள்ள, காய்ச்சல்ல பேசிருக்கும். ஆத்தால்லா முத்துப் போட்டுருக்கா! ஊசியப் போட்டு விரட்டுனா சும்மா விடுவாளா?"

"இது விரட்டற மருந்து இல்லை அண்ணாச்சி. கிருமியை இது தொடக்கூடத் தொடாது. உடம்புக்குள்ளே ஏற்கெனவே இருக்கற சக்தியைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். மிச்சத்தை அந்த சக்தியே பார்த்துக்கும்."

பூலோகம் ஒரு கணம் யோசித்தார். பிறகு தலையைப் பலமாக ஆட்டினார். "ஆத்தா வாயத் தொறந்து உத்தரவு குடுக்கட்டும். அதுவரைக்கும் நஹி!"

ரஞ்சனாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்தப் பெண்ணை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது? வேறு வழி தெரியாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து கரகரவென்று ஒரு குரல் எழுந்தது.

"ஏலே பூலோகம்! என்னைய எழுப்ப வந்தவள வாசல்லயா நிறுத்தி வச்சிருக்க? உள்ள விடுலே அவள!"

பூலோகம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "உத்தரவு தாயே!" எழுந்ததும் ஊசிப் பெட்டியை வாங்கித் தானே சுமந்துகொண்டு உள்ளே போனார்.

கீதாவுக்குச் சீக்கிரமே குணமாகிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற அன்று ரஞ்சனாவும் வந்திருந்தாள். வாசலில் பூலோகம் தெருவையே கூட்டிவைத்து, "ஆத்தாளே கேட்டு வாங்குன ஊசியாக்கும்!" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சனா சிரித்தபடி கீதாவின் காதருகே குனிந்தாள். "என்ன நடிப்புடி உன் நடிப்பு! எனக்கே உடம்பு சிலிர்த்துப்போச்சு."

"நானா? நான் அசந்து தூங்கிட்டுல்லா கெடந்தேன்! நீங்க வந்து எழுப்புனப்பதான் டாக்டர் முழிச்சேன்."

ரஞ்சனா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மூலையில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த முப்பிடாதியம்மாள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதே கரகரத்த குரலில் மெல்லச் சொன்னாள்: "சத்தம் போடாத மவளே, அவிய காதுல விழுந்துரும்!"