சிவக்கொழுந்தரின் செங்கல் முற்றம்

உலகத்தார் அனைவருக்கும் அறியத் தருவது: போரினால் சீமெந்துக்குத் தடையிருந்த காலத்திலும் கிளிநொச்சியில் ஒரு செங்கல் முற்றம் உதயமானது. அதன் அதிபதி சிவக்கொழுந்தர்.

மகளின் கலியாணத்தன்று, சம்பந்தி சின்னராசா அந்தச் சிவப்பைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அரண்மனையெல்லோ! பொட்டுப் பாசியும் இல்லை. எப்பிடிக் காக்கிறியள்?"

"ஒரு சொட்டுத் தண்ணி படவிடமாட்டன். மழையெண்டால் குசினிக் கூரைத் தறப்பாளைக் கழட்டி மூடிப்போடுவன்."

"அம்மாடி!" சின்னராசா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். "இப்பேர்ப்பட்ட முத்தத்தில மாப்பிள்ளைக்குக் கால் கழுவ ஒரு செம்புத் தண்ணி காணாது. குடத்தைக் கொண்டாங்கோ!"

"ஐயோ, வேண்டாம்!" என்று சிவக்கொழுந்தர் பாய்வதற்குள் குடம் கவிழ்ந்தது. மாப்பிள்ளையின் கால் வழுக்கிச் சேற்றில் புதைந்தது.

சூளைப் புகையைக் கண்டால் குண்டுபோடப் பொம்பர் விமானம் வந்துவிடும் என்று, சிவக்கொழுந்தர் கற்களைச் சுடாமலே காவி பூசிப் பதித்திருந்தார்.