செசிலி டீச்சர் செய்த பாவம்

"இன்னொருத்தருக்குச் சொந்தமானத நான் எடுத்துக்கிட்டேன், பாதர்."

பாவம் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்த பாதர் ஜோன்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு அவர் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான். அதுவரைக்கும் அவர் கேட்ட பாவமெல்லாம் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராக்காரியைத் திட்டினேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரவில்லை என்கிற கணக்கில்தான் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருபது வருசமாகக் கணிதம் படிப்பிக்கிற செசிலி டீச்சரிடமிருந்து இப்படியொன்றை அவர் எதிர்பார்க்கவேயில்லை.

எவ்வளவு நாளாக நடக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். ரெண்டு மாதமாக என்றார் டீச்சர். புருசன் ஷெல்டனுக்குத் தெரியுமா என்று அதைவிட மெதுவாகக் கேட்டார்.

"தெரியும் பாதர். லயம் லயமாப் போய்ச் சொல்லிச் சந்தோசப்படுறாரு."

பாதருக்குத் தலை சுற்றியது. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"யாரு அந்த ஆளு?"

"அதுதான் பாதர், எனக்கும் தெரியல."

வெளியே வாங்குகளில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நத்தார் பண்டிகை நெருங்கிவிட்டால் எல்லோருக்கும் பாவம் ஞாபகம் வந்துவிடும். ஆளுக்கு ரெண்டு நிமிசம் என்று ஓடிக்கொண்டிருந்த வரிசை டீச்சரோடு நின்றுபோனது. அப்படியென்ன பெரிய பாவம், பார்த்தால் பசு மாதிரி இருக்கிறாரே என்று முன் வாங்கில் தொடங்கிய குசுகுசுப்பு கடைசி வாங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

டீச்சர் எடுத்தது ஆளையல்ல, ஒரு கணக்கை. அதைக் கேட்டதும் பாதர் விட்ட பெருமூச்சு முன் வாங்கு வரைக்கும் கேட்டது.

விசயம் இதுதான். கணித ஒலிம்பியாட் போட்டிக்கு மாகாணத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் போகிறார்கள். அவர்களைத் தயார்படுத்தும் ஆசிரியரைத் தெரிவுசெய்ய ஒரு கணக்கைப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஓர் எண்ணை அதாலேயே பெருக்கி அதன் நாலாம் வலுவை எடு, நாலை அந்த எண்ணின் வலுவுக்கு உயர்த்து, ரெண்டையும் கூட்டு. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணுக்கும் விடை, வேறெதாலும் வகுபடாத முதன்மை எண்ணாகாது என்று நிறுவு.

டீச்சர் பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினார். சோறு ரெண்டு தரம் அடிப்பிடித்ததுதான் மிச்சம். பதினோராம் நாள் பூசையில் கோயில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால், நடுவில் மடித்த தாளொன்று. அதிலும் அதே கணக்கு.

இரட்டை எண்ணுக்கு யாரோ அழகாக முடித்திருந்தார்கள். அது சின்னப் பிள்ளைக்கும் வரும். ஒற்றை எண்ணுக்கு, ஏதாவதொன்றைக் கூட்டி அதையே கழித்துப் பார்க்கலாம் என்று ஒரேயொரு வரி தெரிந்தது. அதற்குக் கீழே மெழுகுதிரி உருகி ஊற்றிக் கிடந்தது. சுரண்டிப் பார்த்ததில் தாள்தான் கிழிந்தது.

அந்த வரியைத்தான் டீச்சர் திருடியிருக்கிறார். மெழுகுக்கு அடியில் என்ன எழுதியிருக்கும் என்று ரெண்டு நாள் யோசித்து, மிச்சத்தை நிரப்பித் தன் பெயரில் அனுப்பிவிட்டார். முதல் பரிசு. திங்கட்கிழமை பதுளைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க வேண்டும். அதில் மூன்று பேர் இந்தத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள், டீச்சரே கைபிடித்து எழுதப் பழக்கியவர்கள்.

"எதைக் கூட்டினீங்க?" என்றார் பாதர் திடீரென்று.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு பாதர்மார் என்றால் எத்தனை தரம் செய்தாய் என்றுதான் கேட்பார்கள்.

"எண்ணோட வர்க்கத்தையும், ரெண்ட அந்த எண்ணோட வலுவுக்கு உயர்த்தினா வர்றதையும் பெருக்கி, அதுல ரெண்டு மடங்கு, பாதர். கூட்டிக் கழிச்சா ரெண்டு வர்க்கத்தோட வித்தியாசமா வந்துருது. ஒற்றை எண்ணுங்கிறதால எல்லாம் முழுசா வருது. அப்புறம் ரெண்டு காரணியா உடைஞ்சிரும்."

அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் பாவத்தை எழுதியா வைத்துக்கொள்கிறார் என்று டீச்சர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கீறலும் நின்றது.

திருடியதை உரியவரிடம் ஒப்படைத்தால்தானே பாவமன்னிப்பு என்று டீச்சரே தொடங்கினார். அந்தத் தாளுக்காரர் யாரென்று எல்லா வாங்கிலும் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாயிற்று, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் பரிசு வேண்டாம், பதவியும் வேண்டாம் என்று கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார். போகிற வழியில் தபாலில் போட்டுவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

"இருபது வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன், பாதர். ஆனா அடுத்தவங்க மூளைய வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளைங்க முன்னால எப்படிப் போய் நிக்கிறது?"

முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பப் போனார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார் பாதர். தொண்டையை ரெண்டு தரம் செருமினார். பாவசங்கீர்த்தனம் சொல்வது அவரா டீச்சரா என்று சந்தேகம் வருகிற அளவுக்குக் குரல் இறங்கிப்போயிருந்தது.

"மெழுகுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. அந்தக் கணக்க நான் பாதியிலேயே விட்டுட்டேன், டீச்சர்."