படத்தில் விழாத சேவல்

அணில் ஒன்று பால்பவுடர் டின்னில் கேமரா செய்தது. உள்ளே கறுப்புப் பெயிண்ட் அடித்து, ஊசியால் ஒரு துளை போட்டு, துளைக்கு எதிர்ப்பக்கம் போட்டோ தாளை ஒட்டி மூடியது.

முதல் படம் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சேவல் வந்து முன்னால் நின்றது. பின்னால் எருமை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

“ரொம்ப நேரம் அசையாம நிக்கணும் சேவலண்ணா. சின்னத் துளை, வெளிச்சம் மெதுவாத்தான் உள்ள போகும்,” என்றது அணில்.

சரி என்று சொல்லிவிட்டு, சேவல் வாலை விரித்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தது.

தாளைக் கழுவிப் பார்த்தால் எருமை மட்டும்தான் விழுந்திருந்தது.

“இது என்ன அநியாயம்! முன்னால நின்னவன் நான். தூங்கினவளுக்குப் படமா?” என்று சேவல் கத்தியது.

“நீங்க எங்கண்ணா நின்னீங்க? நடந்துகிட்டே இருந்தீங்க.”

“நடந்தா என்ன? என் நடையைப் பார்க்க ஊரே வருது! உன் டின்னுக்குத்தான் கண்ணு இல்ல.”

அணில் புதுத் தாள் போட்டது. “இந்தத் தடவை காலை மட்டுமாவது நகர்த்தாதீங்க,” என்று கெஞ்சியது. சேவல் காலை நகர்த்தவில்லை. ஆனால் யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று உடம்பை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தது.

இரண்டாவது படத்தில் சேவலின் கால்கள் இரண்டும் தெளிவாக இருந்தன. அவற்றுக்கு மேலே எருமையின் முகம்.

“என் காலைப் பிடுங்கி அவளுக்கு ஒட்டிட்டியே, திருட்டுப்பயலே!”

சேவல் போட்ட சத்தத்தில் எருமை விழித்துக்கொண்டது. எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தது.

“நல்லாத்தான் எடுத்திருக்கே தம்பி,” என்றது அணிலிடம். “எனக்குக் கால்தான் கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது.”