முதல் மீன்

"மறுபடியும் பென்குயினா?"

எழில்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிளஸ் ஒன்னோடு படிப்பை ஏறக்கட்டிவிட்டு, டோல்கேட் செல்போன் கடையில் நிற்கிறவள் அவள். அண்ணிக்கு டேட்டா போட்டுவிடுவதும் அவள்தான். அத்தனையும் ஒரு பறவைக்குப் போகிறது.

அண்ணன் செங்குட்டுவன் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவன். அரபு நாட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம். ஏதோ பெரிய மாலில் ஆபீஸ் சூப்பர்வைசர். வீடியோ காலுக்கு அங்கே அனுமதி இல்லையாம், வெறும் குரல்தான்.

அண்ணி நீலாவின் முகத்தில் புருஷனைப் பிரிந்த ஏக்கம் துளியாவது உண்டா? சாயங்காலம் நாலரை ஆனால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு செல்லோடு உட்கார்ந்துவிடுவாள். எங்கேயோ ஒரு கண்ணாடிக் கூண்டில் பென்குயின்கள், நேரலையில்.

"அப்பிடி இன்னாத்த கண்ட அதுல?"

"பாறைக்குப் பாறை குதிக்கும் எழிலு. செவப்புக் கண்ணு. புருவத்துல மஞ்சக் கொண்ட, நம்ம தெரு பசங்க கலரிங் பண்ணிகினு திரியறாப்ல. ராக்ஹாப்பர்னு பேரு."

"ரொம்ப முக்கியம்."

"வருசத்துல பாதி நாளு ஜோடியப் பிரிஞ்சி கடல்லயே கெடக்குமாம். அப்பால அதே பாறைக்கு வந்து அதே ஜோடியத் தேடுமாம். கூண்டுல எங்க போறது? அதுங்க ஊரு பருவத்துக்குத் தக்கன லைட்ட மட்டும் கூட்டிக் கொறைக்கிறாங்க. ஊருலதான் கீறோம்னு நெனச்சிக்கும், பாவம்."

"உன் ஜோடி கடல் தாண்டிப் போயி ஒன்ற வருசம். அத்த நெனச்சிப் பாத்தியா?"

நீலா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரையில் தீனி முடிந்து, பறவைகள் தண்ணீரில் விழுந்தன. அப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. பறவைக்கு அழுகிறாள்! இதற்கு மேல் பொறுக்க முடியாது.

கொஞ்ச நேரத்தில் எழிலின் செல் அடித்தது. அண்ணன்.

"அண்ணே, உன் பொண்டாட்டி டெய்லி இன்னா பண்ணுது தெரியுமா? பெ..."

நீலா பாய்ந்து வந்து செல்லைப் பிடுங்கி, குரல் போகாமல் மியூட்டை அமுக்கினாள்.

"சொல்லாதடி! உன் கால்ல வேணா வுழறேன்."

"அப்போ என்னமோ தப்பு கீது. இன்னா மறைக்கிற?"

"ஹலோ... எழிலு? ஹலோ?" அண்ணன் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தான்.

நீலா தன் செல்லில் நேரலையைப் பின்னால் ஓட்டினாள்.

"இத்தப் பாரு."

நீல உடுப்பு, முகமூடி, முட்டி வரை ரப்பர் பூட்ஸ். கூண்டுக்குள் ஒரு ஆள் வாளியோடு வந்தான். மூஞ்சியே தெரியவில்லை. வாளியிலிருந்து முதல் மீனை எடுத்தான். விளிம்பில் இரண்டு தட்டு தட்டினான். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். அப்புறம்தான் பறவைக்கு நீட்டினான்.

எழில் செல்லைக் கண்ணருகே இழுத்துப் பார்த்தாள். காசிமேட்டில் ஏலக் கூடையின் முதல் மீனை அப்படித் தட்டி, கண்ணில் ஒற்றிப் போணி பண்ணுகிறவன் ஒருத்தன்தான்.

தீனி போட்டு முடித்தவன் மண்டி போட்டான். பாறை பாறையாகப் பிரஷ் வைத்துத் தேய்த்தான்.

"அண்ணன்... பீ கழுவுது."

"ஒரு தபா போட்டோ அனுப்பிச்சாரு. சட்டயில மாலு பேரு. தேடிப் பாத்தேன், அந்த மாலுக்குள்ளயே இந்தக் கூண்டு கீதுன்னு வந்துச்சி."

"பாத்துட்டேன்னு அண்ணனாண்ட சொல்றதுதான?"

"தல நிமுந்து பேசறாரு எழிலு. ஏசி ரூமு, சேருன்னு. அவரா சொல்ற வரிக்கும் அவரு சூப்பர்வைசருதான்."

மியூட்டை எடுத்துவிட்டு, எழிலின் செல்லை அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்கிற மாதிரி.

"ஹலோ! அண்ணி டெய்லி இன்னா பண்ணுது? பாதியில வுட்டுட்ட?"

எழிலுக்குப் பொய் வராது. வந்ததே இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே. சூப்பர்வைசர் சாரு எப்போ ஊருக்கு வருவாருன்னு டெய்லி கேட்டுகினு கீது."